ஆம்பளை வேலை

நோரீன் இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார்வீட்டு வண்டி வாங்கிய அன்றே, "ஸ்டீயரிங் ஆம்பளை வேலை, அடுப்பு உன் வேலை" என்றுவிட்டான் புருஷன் கிளைவ். அப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாம்களில் எல்லா ஜோடிகளும் அப்படித்தான். மூன்று வருஷத்தில் ஆஸ்திரேலியாவை இரண்டு சுற்று வந்தாயிற்று. அவள் கண்டதெல்லாம் பக்கவாட்டு ஜன்னலும் பாத்திரத் தொட்டியும்தான். "எங்க போறோம்?" என்று கேட்டால், "போனா தெரியும், சும்மா வா" என்பான்.

செடூனா என்ற ஊரில் மருத்துவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார். வந்த மாதிரியே முகாமுக்கு நடந்து திரும்பினார்கள். மறுநாள் காலை சாவியை நீட்ட அவனுக்குக் கை வரவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த இருக்கையில் அவன் பெல்ட் மாட்டினான்.

"எங்க போறோம், நோரீன்?"

"போனா தெரியும், சும்மா வா."