கிரேனின் முதுகு

மார்ச் 3: தூக்கியது 6 முறை. ஆள் 1.
மார்ச் 4: 5 முறை. ஆள் 1.
மார்ச் 5: 6 முறை. ஆள் 2. (அதிகாரிகள் பார்வையிட வந்த நாள்.)
மார்ச் 6: 2 முறை. ஆள் 1.

தூக்கப்பட்டவன் நான். எடை அறுபத்தெட்டு கிலோ. கால்கள் இரண்டும் ஓய்ந்தபின் இந்த முதியோர் இல்லத்தின் மேல்மாடியில், நான்காம் அறையில் இருக்கிறேன். தூக்கியவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கிரேன். வயது நாற்பத்தேழு. நான் எழுந்து நின்றால் என் தோளைத் தாண்ட மாட்டாள். தையல் ஆலை மூடியதும் இந்த வேலைக்கு வந்தவள். பதினாறு ஆண்டுகள் ஆகின்றன.

"கழுத்தை நல்லா கட்டிக்குங்க பெரியப்பா. வெக்கப்பட்டீங்கன்னா ரெண்டு பேரும் விழுவோம்" என்பாள்.

ஒருவரைத் தூக்க இருவர் வேண்டும், பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆனால் மாடிக்கு ஒருத்திதான். அதனால் மேல்மாடிக்காரியான கிரேனும் கீழ்மாடியில் வேலை செய்பவளும் மாலையில் பதிவேடுகளை மாற்றிக்கொண்டு, மொத்தமாகக் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

மார்ச் 6, காலை 10.40. கட்டிலிலிருந்து என்னைத் தூக்கும்போது அவள் முதுகு பிடித்துக்கொண்டது. என்னை அவள் நழுவவிடவில்லை. நாற்காலியில் நேராக உட்காரவைத்த பிறகுதான் தரையில் சாய்ந்தாள்.

சிகிச்சையும் சம்பளத்தோடு விடுப்பும் கேட்டு எழுதினாள். இருவர் தூக்கியதாகப் பதிவு இருப்பதால் காயத்துக்கு வேலை காரணமல்ல என்று மார்ச் 19 அன்று பதில் வந்தது. அதை மறுக்க வேண்டுமானால் கையெழுத்து பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் இருவருக்குமே வேலை போகலாம்.

கீழ்மாடிக்காரிதான் முதலில் துணிந்தாள். "சொல்லிடுக்கா. நாளைக்கு என் முதுகும் போச்சுன்னா எனக்கும் இதே பதில்தானே வரும்?"

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேலாளர் பதிவேட்டை விரித்தார். "உங்க ரெண்டு பேர் கையெழுத்துதானே?"

"ஆமா சார். கையெழுத்து பொய். முதுகு பொய்யில்ல" என்றாள் கிரேன். "மாடிக்கு ஒரு ஆளை வெச்சுட்டு ரெண்டு கையெழுத்து கேட்டா நாங்க எங்க சார் போவோம்?"

என்னை எத்தனை முறை, எத்தனை பேர் தூக்கினார்கள் என்று நாள்தோறும் எழுதிவைத்த என் நோட்டை நீட்டினேன். மேலாளர் புரட்டிப் பார்த்தார். "மாடியில மத்த பத்து பேர் கணக்கு இதுல இல்லையே, ஐயா?"

"என் உடம்புக்குத்தான் நான் சாட்சி. அவங்களை நீங்களே கேளுங்க. யாரும் எங்கயும் ஓடிட மாட்டாங்க."

அறை அறையாகப் போய்க் கேட்டார். எட்டாம் அறைக்காரருக்குப் பேச்சு வராது. அவர் ஒரு விரலை உயர்த்தி, மேலாளர் வெளியே போகும்வரை இறக்கவே இல்லை.

நிர்வாகத்தின் கடைசிக் கடிதத்தைக் கிரேன் என் அறைக்கே கொண்டுவந்து, இடுப்புப் பட்டையோடு நின்றபடி படித்தாள். காயம் வேலையால் வந்ததுதான். சிகிச்சையும் விடுப்பும் உண்டு. மாடிக்கு இனி இருவர். பொய்க் கையெழுத்துக்காக இருவருக்கும் எச்சரிக்கை.

"எச்சரிக்கையாம் பெரியப்பா! சட்டம் போட்டு செவுத்துல மாட்டப் போறேன்."

கடிதம் வந்த தேதி மே 22. அவள் முதுகு பிடித்துக்கொண்டு எழுபத்தேழு நாள்.