காளான் இல்லாத காளான்

இரும்புக் கல்லின் மேல் கரண்டி தட்டும் "டங் டங்" ஓசைதான் முதலில் வரும். அதன் பின்னாலேயே கொதிக்கும் மசாலாவும் பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் கலந்த வாசம் வரும். தொண்ணூறுகளின் சனிக்கிழமைச் சாயங்காலங்களில், ராஜ வீதி முனையில் மணியண்ணனின் தள்ளுவண்டி நிற்கும் இடத்தை, கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் நான் கண்டுபிடித்திருப்பேன். அவர் விற்றது ஒரே பண்டம். அதற்குப் பெயர் "காளான்". சிவந்த கெட்டிக் குழம்பில் பொரித்த உருண்டைகளைப் போட்டு, கரண்டி விளிம்பால் கொத்திக் கொத்திக் குழைத்து, சின்னத் தட்டில் ஆவி பறக்க அள்ளித் தருவார்.

இந்தப் பண்டம் கோயமுத்தூரை இப்படிப் பிடித்துக்கொண்டது ஏன் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் பசி என்பார் ஒருவர். பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசும் காற்றுக்கு நாக்கு காரம் கேட்கும் என்பார் இன்னொருவர். எல்லாம் சரியாகவே இருக்கட்டும். எனக்குத் தெரிந்த காரணம் என் அம்மா.

அம்மா போத்தனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைப்பாள். லைனிங் துணியும் கொக்கியும் வாங்கச் சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். வாங்கி முடித்ததும் மணியண்ணன் வண்டி. ஒரு தட்டு, இரண்டு கரண்டி. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். இங்கேயும் நின்றுதான் சாப்பிட்டாள். ஆனால் அது வேறு நிற்பு. தட்டு பாதியானதும் மணியண்ணன் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போதுங்களா? இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்பார். அம்மா எப்போதும் தட்டை நீட்டுவாள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் அப்பாவின் மில்லை மூடிவிட்டார்கள். புரட்டாசி முழுக்கக் "கவுச்சி" தொடுவதில்லை, மில் திறக்க வேண்டும் என்று அம்மா பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். முதல் சனிக்கிழமை வழக்கம்போல நாங்கள் வண்டியில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மறுநாள் பக்கத்து வீட்டம்மாள் ஒரு கிண்ணம் நிறையக் காளான் குழம்பு கொண்டுவந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். "புரட்டாசியில காளானும் கவுச்சிதானுங்க" என்றாள்.

மில் திறக்காவிட்டால் அதற்குக் காரணம் நானும் அம்மாவும்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்பா வாசலில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, அம்மா துணிக்கடையில் நூலுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் நழுவி வண்டிக்கு ஓடினேன். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். மணியண்ணன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"அம்மணி, இதுல காளானே இல்லீங்க. அத்தனையும் முட்டக்கோசுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விரதம் பிழைத்தது, மில் திறந்துவிடும்! ஆனால் அடுத்த நொடியே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஏமாந்தது தெரிந்தால் அம்மா இனி இந்தப் பக்கமே வரமாட்டாள். அம்மா வந்தாள், சாப்பிட்டாள், தட்டை நீட்டினாள். நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். அந்த இறுக்கம் உக்கடம் தாண்டும்வரைதான் தாங்கியது. பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "முட்டக்கோசு வேகற வாசம் எனக்குத் தெரியாதா கண்ணு? மொத நாளே தெரியும்."

"அப்ப ஊட்லயே செஞ்சு திங்கலாமில்லம்மா?"

"ஊட்ல நாந்தானே அரியோணும்," என்றாள்.

மில் திறக்கவே இல்லை. அப்பா சோமனூரில் ஒரு தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனார். பெருமாள் மேல் எனக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. நாங்கள்தான் விரதத்தைக் காப்பாற்றியிருந்தோமே.

இப்போது அந்த முனையில் வண்டி இல்லை. மணியண்ணன் எங்கே போனார் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. ஊரெங்கும் விளக்கு போட்ட கடைகளில் நிஜக் காளானே போட்டுத் தருகிறார்கள். போனில் சொன்னால் டப்பாவில் அடைத்து வீட்டுக்கே வருகிறது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். போன வாரம் அப்படி ஒரு டப்பா வரவழைத்து, தட்டில் போட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுத்தேன். நாலு வாய் தின்றுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். நல்லாயில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது. அந்த மணித் தம்பி கேப்பான்," என்றாள்.

என்ன கேட்பார் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் எனக்குப் போட்ட சோற்றுக்குக் கணக்கே இல்லை. அந்த ஒரு கேள்வியை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"போதுங்களாம்மா? இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.