வெள்ளை எழுத்து

“ஒயரை நான் மாட்டுறேம்மா, நீங்க விடுங்க,” என்றார் லிஃப்ட் மெக்கானிக், பையிலிருந்து வீடியோ கேம் பெட்டியை எடுத்தபடி. பழைய மானிட்டர் விற்கும் அந்தக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள்.

“கேம் விளையாடவா சார்?”

“இல்ல. என் பொண்ணு இதுல லினக்ஸ் ஏத்தி வெச்சிருக்கா. கம்ப்யூட்டர் கேட்டா, நான் வாங்கித் தரல. இதையே கம்ப்யூட்டரா ஆக்கிக்கிட்டா.”

“அப்ப எந்த மானிட்டர்லயும் வருமே?”

“அங்கதாம்மா சிக்கல். படம் எங்க ஆரம்பிக்கணும்ங்கற சிக்னலையும் இது பச்சை நிறம் போற ஒயர்லயே சேர்த்து அனுப்புது. அதைப் பிரிச்சு எடுக்கத் தெரியாத மானிட்டர்னா ஒண்ணு இருட்டு, இல்லேன்னா எல்லாம் பச்சை.”

அன்று ஆறு மானிட்டர்களில் போட்டுப் பார்த்தார். நான்கு இருட்டு, இரண்டு பச்சை.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வந்தார். “பச்சை சார் வர்றார், சரக்கை ஒளிச்சு வைங்க,” என்பார் முதலாளி, அவர் காதில் விழும்படியே. அவரும் சிரித்துக்கொள்வார். எதைத் தொடுவதானாலும் முதலில் புறங்கையால்தான். முப்பது வருடம் மின்சாரத்தோடு பழகிய கை. நாற்காலி போட்டால் பையை அதில் வைத்துவிட்டு நிற்பார். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கினால், “ஏறுது, ஏறுது,” என்பார். இருண்டே கிடந்தால், “ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு.”

கடையில் ஆள் இல்லாத ஒரு சனிக்கிழமை, அவள் கேட்காமலே சொன்னார்.

“எந்தெந்த மானிட்டர் சரிவரும்னு பொண்ணு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா. சட்டையோட துவைச்சுட்டேன். திரும்பக் கேக்க ரோஷம். பெருசா ஒண்ணைத் தூக்கிட்டுப் போய், ‘உக்காந்து படி’ன்னேன். ரெண்டு வருஷம் அதுலதான் படிச்சா. வாயே திறக்கல. அப்புறம் எங்களுக்குள்ள வார்த்தை முத்தி, வெளியூர் வேலைக்குப் போயிட்டா. போனப்புறம் ஒருநாள் போட்டுப் பார்க்கறேன். அத்தனையும் பச்சை.”

அவள் அடுத்த மானிட்டரின் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடியும் நேரத்தில், மூடிய அலுவலகம் ஒன்றிலிருந்து கனமான பழைய மானிட்டர் ஒன்று வந்தது. இருவருமாகத் தூக்கி மேசைமேல் வைத்ததும் அவர் ஒயரை மாட்டினார். திரை ஒருமுறை நடுங்கியது. பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்துகள், வரி வரியாக, கடைசி வரி மகளின் பெயரைக் காட்டி நிற்கும்வரை.

அவர் “ஏறுது” என்று சொல்லவில்லை. கண்ணாடியில் புறங்கையை வைத்தார்.

“என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டா. உங்க ஃபோன்லேர்ந்து கூப்பிடுங்கம்மா. வெள்ளையாத் தெரியுதுன்னு மட்டும் சொல்லிடுங்க,” என்றார், கையை எடுக்காமல்.