கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த இரும்பு

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில் இலைகள் கொட்டி முடிந்து, பனி இன்னும் விழத் தொடங்காத சாம்பல் நிற வாரங்கள். என் தோழியும் அவள் கணவரும் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய வீடு வாங்கிக் குடிபோயிருந்தார்கள். பல வருடம் ஆளுக்கு இரண்டு வேலை பார்த்து வாங்கிய முதல் வீடு. பால் காய்ச்சிச் சில நாட்கள்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிறு மாலை, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் என் அபார்ட்மென்ட் கதவைத் தோழி தட்டினாள். பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். மூவர் கையிலும் தலையணைகள்.

"அக்கா, பேஸ்மென்ட்டில துவக்கு கிடக்கு" என்றாள்.

கணவர் அங்கே பல்ப் மாற்ற ஏறியபோது, கூரை மரங்களுக்கு இடையில் போர்வை சுற்றிய நீளமான ஒன்று கையில் பட்டிருக்கிறது. ஒரு முனையைப் பிரித்து, துப்பாக்கிக் குழலைக் கண்டதும் அப்படியே விட்டிருக்கிறார்.

"இனி அந்த வீட்டில என்னால இருக்க ஏலாது. வித்துப்போட்டு வாடகை வீட்டுக்கே போவம் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவளுடைய தம்பி தெருவில் கிடந்த வெற்றுத் தோட்டா ஒன்றை ஊதி விளையாட எடுத்து வந்து ஜன்னலில் வைத்திருந்தான். அடுத்த ராணுவச் சுற்றிவளைப்பில் அது சிப்பாய்களின் கண்ணில் பட்டது. வீட்டில் எல்லோரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, அவனை மட்டும் கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. இதை அவள் ஒரே ஒருமுறை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் கணவர் போன் எடுத்தார். அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது.

"அக்கா, பொலிசுக்கு அடிச்சா, தமிழன் வீட்டில துவக்கு எண்டுதானே எழுதுவாங்கள்? பேசாமக் கொண்டுபோய் ஆத்தில போட்டிட்டு வரட்டோ? ஆறு கிட்டத்தானே."

"போர்வையும் துவக்குமா ஆத்தங்கரையில பிடிபட்டா, அதுக்குப் பேந்து என்ர பிரெஞ்சும் உங்களுக்கு உதவாது. ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ, தம்பி" என்றேன்.

ஊரில் நான் ஒரு பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவள். ஒரு பொருள் கிடைத்தால் முதலில் அது யாருடையது என்று கேட்கும் பழக்கம் விட்டுப் போகவில்லை. வீட்டை விற்றவருக்கு போன் செய்தேன். இறந்துபோன ஒரு முதியவரின் மகன், தூரத்து நகரமொன்றில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் மகிழ்ந்தே போனார். அப்பாவின் மான் வேட்டைத் துப்பாக்கியாம். மற்றவற்றையெல்லாம் ஒருவரிடம் விற்றுவிட்டார்களாம். இதை மட்டும் வீடு முழுக்கத் தேடியும் காணவில்லையாம். வாங்கியவரின் எண்ணைக் கொடுத்தார்.

அப்படி ஒரு தொழில் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். உரிமம் பெற்ற வியாபாரி. வேட்டைக்காரர்கள் இறந்தால் அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பழைய துப்பாக்கிகளை வாங்கி, துடைத்துச் சரிபார்த்து, ஊர் ஊராகக் கடைகளுக்கு விற்பவர். யாரும் தொடவேண்டாம், பொலிசுடன் தானே பேசுகிறேன், சனிக்கிழமை காலை வருகிறேன் என்றார். பழைய தையல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது போன்ற குரல்.

சனிக்கிழமை தோழியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னோடு ரயிலில் ஏறினாள். பிள்ளைகளின் குளிர்ச் சட்டைகளை எடுக்கவேண்டுமாம், குசினிக்கு அப்பால் போகமாட்டாளாம்.

தெருவில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. வியாபாரி அறுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவரும் தோழியின் கணவரும் நானும் கீழே இறங்கினோம். போர்வையைப் பிரித்து, இரும்பில் பொறித்திருந்த இலக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் வாசித்துத் தலையாட்டினார்.

"பழைய இரும்பக்கா. கறள் பிடிச்சுப்போயிருக்கும். இதுக்குப் போய் அவ..." என்று கணவர் தொடங்கினார்.

வியாபாரி துப்பாக்கியை ஆளில்லாத மூலைப்பக்கம் தாழ்த்திப் பிடித்து, பின்பக்கத்து இரும்புத் தண்டைச் சடாரென்று இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து, சீமெந்துத் தரையில் உருண்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் காலில் முட்டி நின்றது. கணவர் பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதையெல்லோ நான் தோளில வைச்சு ஆத்துக்குக் கொண்டுபோகப் பாத்தனான்."

இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, வியாபாரி தண்டைத் தள்ளித் தள்ளி இழுத்தார். அந்த ஓசை படிக்கட்டில் ஏறி மேலே போயிருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மேலே வந்தபோது, தோழி குசினிச் சுவரில் முதுகு படிய நின்றாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். அவள் கையில் தன் நிரந்தர வதிவிட அட்டையும் பிள்ளைகளின் மருத்துவ அட்டைகளும், பெயர்ப் பக்கம் வெளியே தெரியும்படி விரிந்திருந்தன. சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல், இது என்ன விளையாட்டு என்று பிரெஞ்சில் கேட்டாள். பெரியவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் சுற்றிவளைப்புச் செய்தி சேகரிக்கப் போன நாட்களில் இப்படி நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அவர்களுக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது, அதில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய பூசணிக்காய்ப் படங்கள்.

"இஞ்சரும், என்ன செய்யிறீர்? அவர் யாவாரியப்பா" என்றார் கணவர். அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

வியாபாரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். துப்பாக்கியின் வாயை வெளிக்கதவுப் பக்கம் திருப்பித் தரையில் வைத்து, முழங்காலிட்டு, அந்த இரும்புத் தண்டை முழுதாக உருவி எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தன் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்:

"இது இல்லாட்டி அது வெறும் தடியாம். அதை வானுக்குள்ள வைச்சுப் பூட்டும் வரைக்கும் இது உம்மட கையில இருக்கட்டுமாம்."

அவள் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு அட்டைகளைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர் முன்னால் நடந்தார். அவள் வீட்டுச் செருப்போடு பின்னால் போனாள், நானும் போனேன். வானுக்குள் நீளமான உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. இதையும் ஓர் உறையில் இட்டுப் பூட்டிவிட்டு, அவர் ஒதுங்கி நின்றார். தண்டைத் தா என்று கை நீட்டவில்லை.

"இவ்வளவும் ஆற்றையாம், அக்கா?"

யாருடையவை என்று அவரிடம் கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். இது ஒரு தபால்காரருடையது. இது ரொட்டி சுடும் வெதுப்பகம் வைத்திருந்தவருடையது. அது ஒரு பாதிரியாருடையது. எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

"எப்பிடிச் செத்தவையாம்?"

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. அவர் பொறுப்போடு யோசித்துப் பதில் சொன்னார். ஒருவருக்கு இதயம், ஒருவருக்குப் புற்றுநோய், பாதிரியார் தூக்கத்தில். எல்லோரும் படுக்கையில்தான், மேடம்.

"படுக்கையிலயாம்" என்றேன்.

"எல்லாருமோ?"

"ஓமாம்."

"துவக்கு வைச்சிருந்த எல்லாரும் படுக்கையில கிடந்தே செத்தவை?"

வானுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை அவர் கையில் வைத்தாள். வான் தெருமுனையில் திரும்பி மறையும்வரை காத்திருந்து, உள்ளே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

"என்னப்பா, இப்பிடியே இருக்கப் போறியளோ?" என்று கணவரைக் கேட்டாள். "அரிசி எங்க வைச்சனீங்கள்? பிள்ளையள் பசியில நிக்குதுகள்."

அன்று பின்னேரமே என் வீட்டில் கிடந்த அவர்களுடைய மூன்று தலையணைகளையும் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நாட்டிலும் துப்பாக்கியால் ஆட்கள் சாகிறார்கள் என்பது பத்திரிகை வாசிக்கும் எனக்குத் தெரியும். அந்த வானில் இருந்த எல்லாமே படுக்கையில் இறந்தவர்களுடையவைதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எதையும் சரிபார்க்காமல் விடாத நான், அதை மட்டும் சரிபார்க்கவில்லை. ஆனால் யாராவது பயந்து நிற்பதைக் காணும்போது, பயப்படவேண்டாம் என்று சொல்ல வாய் திறக்குமுன், அவர் கையில் கொடுக்க என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதும் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.