கூரையை விட்டுவிட்டுச் சொன்ன கதை

பிறர் கதையை வாங்கிப் போய் ஊரார் முன்னால் சொல்லி உதவி கேட்பது, அடுத்த வீட்டுக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் ஏறுவது போன்ற வேலை. பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும்வரை கண் வேறெங்கும் போகாது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாவற்குடாவில், நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன நிலையத்தில் சமையலுக்குச் சேர்ந்தேன். தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேனுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உதவி நின்றுபோனது. இனி உள்ளூரில்தான் ஆதரவு தேட வேண்டும், அதற்குப் பிள்ளைகளின் கதை வேண்டும் என்றார் நிலையத்தை நடத்தும் மிஸ். தாய்மார் என்னோடு மனம் விட்டுப் பேசுவார்களாம். கரண்டியை வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

நல்ல சீலை

முதலில் போனது வெல்லாவெளிக்கு, யோகத்தின் வீட்டுக்கு. அவளுடைய மகன் கவினுக்கு ஏழு வயது, கையும் காலும் வழங்காது. வேன் வராவிட்டால் பாயை விட்டு எழும்ப வழியில்லை. நான் வருவது தெரிந்து யோகம் கோயிலுக்கு உடுக்கும் சீலையில் நின்றாள். பிஸ்கட் வந்தது, தேத்தண்ணி வந்தது, கதை மட்டும் வரவில்லை. என்ன கேட்டாலும் ஒரு குறையும் இல்லை என்றாள். வெறுங்கையோடு போனால் மிஸ் என்ன சொல்வாரோ என்று எனக்கு வியர்த்தது. கடைசியில் அவளே இரக்கப்பட்டு என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய், அடுப்பருகே இருத்திக் கத்தியை நீட்டினாள்.

“விருந்தாளிக்கிட்ட கஷ்டம் சொல்ல ஏலா கா. இந்த மீன வெட்டுங்க, சொல்லுறன்.”

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குசினி எங்கே என்றுதான் பார்க்கிறேன்.

மகளின் வீடு

மீன் வெட்டும்போதே மழை பிடித்தது. தகரக் கூரையின் ஓட்டைகளுக்குக் கீழே சட்டியும் வாளியும் வைத்துக்கொண்டே யோகம் பேசினாள். அதையும் சேர்த்துக் கைப்பேசியில் பதிந்து வந்தேன். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். ஒழுகும் கூரையோடு கதையைத் தொடங்கலாம், கேட்பவர் மனம் கரையும் என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கூரையையும் சொல்லப் போகிறோம் என்று யோகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். அது மட்டும் வேண்டாம் என்றாள். மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறதாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டால் எவன் வருவான்? இது எனக்கு முதலே உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“எண்ட மகன்ட காலப் பத்தி ஊருக்கே சொல்லுங்க கா. எண்ட மகள்ட வீட்டச் சொல்லாதீங்க.”

மிஸ்ஸின் கேள்வி

கூரையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லிக் காட்டினேன். மிஸ் பொல்லாதவர் இல்லை, எடுக்கத்தான் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வாசலில் நின்ற வேனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி கேட்டார்.

“இந்தக் கதைக்கு இனி ஆர் அழுவாங்க அக்கா?”

கல்லடிக் கூட்டம்

உதவி கேட்டுக் கூட்டிய கூட்டத்துக்குக் கடைக்காரர்களும் தாய்மாரும் வந்திருந்தார்கள். நிலையத்துப் பயிற்சியால் கவின் முதன்முதலாகக் கையைத் தூக்கிய நாளைச் சொன்னேன். தூக்கிய கையால் சோற்றுக்கோப்பையைத் தட்டிவிட்டான். மீன்குழம்பு முழுக்க யோகத்தின் மடியில். அவள் துடைக்காமல் அப்படியே தெருவுக்கு ஓடி, அயலுக்கெல்லாம் சீலையைக் காட்டினாள்.

சபை சிரித்தது. சிரித்துவிட்டார்களே, வேன் போச்சு என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். தன் பிள்ளையும் அப்படித்தான், இதுவரை ஆருக்கும் காட்டியதில்லை, வேன் தங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வருமா என்று கேட்டாள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. தைப்பொங்கல்வரை டீசலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள்.

வெளியே ஓடிவந்து வேன் சாரதியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தாள் வேனின் பின் இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“டீசல் கேட்டுப் போன நீங்க பிள்ளையோட வாறீங்க. சீற் எங்க இரிக்கி?”

பொங்கல்வரை இடம் போதுமா என்றும், பொங்கலுக்குப் பிறகு டீசல் வருமா என்றும் மாறி மாறிக் கவலைப்படும் உத்தியோகம் மட்டும் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.