ஆற்றைப் பார்த்த பெஞ்சுகள்

வீட்டில் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றலாமா என்று அம்மா வாயெடுத்தாலே, வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நுழையாது" என்பாள். சொன்னபடி நுழையவும் நுழையாது. இதனால் தெருவில் நல்ல பேரும் அம்மாவிடம் திட்டும் சம அளவில் வாங்கினாள். அவள் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆற்றங்கரையில் பயணிகள் தங்குவதற்கு மரக்குடில்கள் வேண்டும் என்று அந்த இடத்தின் ஓனரம்மா கேட்டு வந்தபோது, அவள் ஒரே கணக்கைத்தான் சொன்னாள். குடில் சின்னது, கூடம் பெரியது. தூங்கவும் குளிக்கவும் மட்டும் குடில். சமையல், சாப்பாடு, பேச்சு எல்லாம் பொதுவான கூடத்தில். அப்படிக் கட்டினால் கரையில் இருக்கும் மரங்களை வெட்ட வேண்டாம், கூரைமேல் வைக்கும் சோலார் தகடுகளே விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதும். இடித்த வீடுகளின் உத்தரங்களை வாங்கிக் குடில்களுக்குக் கால் நிறுத்தினாள். போன வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே தரை போட்டாள். குளித்த தண்ணீர் நாணல் பாத்தியில் தேங்கித் தெளிந்த பிறகுதான் ஆற்றுப் பக்கம் போகும்.

ஆனால் அவள் உயிரைக் கொடுத்தது கூடத்துக்குத்தான். ஆற்றுப் பக்கம் சுவரே வைக்கவில்லை. பெஞ்சுகள் எல்லாம் வரிசையாக ஆற்றைப் பார்த்தபடி, தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தன. எதில் உட்கார்ந்தாலும் தண்ணீர் தெரியும்.

பயணிகள் வந்தார்கள். கூடத்தை வாய் பிளந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சாப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் போன இடம்தான் அவளுக்கு விளங்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் கூரையில்லாத ஒரு சந்து. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்காக நடுவில் நீளமாக ஒரு தொட்டி. இரண்டு பக்கமும் நின்று கழுவலாம். வரைபடத்தில் மிச்சம் விழுந்த இடத்தில், அவசரமாக நாலு கோடு போட்டு அவள் முடித்துவிட்ட மூலை அது. அங்கே, கால் நனைய நனைய, ஈரத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உலகக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓனரம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தடுப்புக்கு வேண்டிய பலகைகளை இறக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"இந்த வாரம் பாப்பேன்மா. யாரும் உக்காரலன்னா நடுவுல தடுத்து ரெண்டு ரூமாக்கிடலாம். ஈ ஓட்டறதுக்கா கூடம் கட்டினோம்?"

அவள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூடம் போனால் குடில்கள் வெறும் தூங்கும் பெட்டிகள். அப்புறம் ஆளுக்கொரு அடுப்பு கேட்பார்கள், ஆளுக்கொரு ஃப்ரிட்ஜ் கேட்பார்கள். அவள் போட்ட கணக்கு அடியோடு கவிழ்ந்துவிடும்.

அங்கே சமையல் அவளுடைய அண்ணன். அவனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"எங்க?"

"தொட்டிகிட்ட."

"சோப்பு இருக்கு, நார் இருக்கு. கொஞ்சம் வழுக்கும்."

"கிண்டல் பண்ணாதண்ணா. எனக்கு ஒண்ணுமே புரியல."

"வரைஞ்சது நீ. என்னைக் கேட்டா? நான் உப்புக்குத்தான் பொறுப்பு."

பெஞ்சுகளுக்கு மெத்தை தைத்துப் போட்டாள். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். டீ ஃபிளாஸ்க்கைக் கூடத்தில் வைத்தாள். ஊற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். பொறுக்க முடியாமல் ஒரு பயணி அம்மாளை வழிமறித்தே கேட்டுவிட்டாள்.

"கூடம் பிடிக்கலையாங்க?"

"ஐயோ, ரொம்ப அழகா இருக்கும்மா."

"அப்ப ஏன் உக்கார மாட்டேங்கறீங்க?"

அந்த அம்மாள் யோசித்தார். "அதானே. ஏன்?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளும் தொட்டிக்குப் போனாள். எதிரே தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே முட்டிவலியைப் பற்றி ஆரம்பித்தார். அவளும் அம்மாவின் முட்டியைப் பற்றிச் சொன்னாள். அங்கிருந்து பேச்சு எப்படியோ அவர் மகள் அவரோடு பேசாமல் இருக்கும் விஷயத்துக்குப் போனது. தட்டு எப்போதோ பளபளத்துவிட்டது. அவள் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்; அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முகம். கூடத்தில் யார் முகம் யாருக்குத் தெரிகிறது? பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி முன்வரிசையின் பிடரிதானே தெரிகிறது?

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடி ஓடினாள். முன்வரிசை பெஞ்சைக் கழற்றி, அண்ணனைக் கூப்பிட்டு, இருவருமாகப் புரட்டிப் பின்வரிசையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். அப்போது ஓனரம்மா உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்ற? ஆத்துக்கு முதுகக் காட்டி உக்காரவா இவ்ளோ தூரம் வருவாங்க?"

அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் நின்ற கூட்டம் ஈரத் தட்டுகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கூடத்துக்குள் ஓடி வந்தது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். எதிரெதிரே முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. ஒருவர் சொன்ன எதற்கோ கூடமே சிரித்தது.

ஓனரம்மா அவள் பக்கம் சாய்ந்தார்.

"சரி, சொல்லு. இது பெஞ்சா, மழையா?"

பெஞ்சுதான் என்று சொல்லலாம். சொன்னால் பலகைகள் இன்றே திரும்பிப் போகும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அளவு தெரியாத ஒன்றைச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியலங்க" என்றாள்.

"நீ வரைஞ்சதுதானே?"

"ஆமாங்க. அதனாலதான் இன்னும் குழப்பமா இருக்கு."

ஓனரம்மா திருப்பிப் போட்ட பெஞ்சில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"உனக்கே தெரியாததுக்கு நான் ஏன் சுவர் வைக்கணும்? பலகை அப்படியே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்."

மழை விட்டது. அவள் தூணோரம் நின்று பார்த்தாள். சிலர் எழுந்தார்கள், சிலர் அசையவில்லை. தொப்பிப் பெரியவர் பாதி கழுவிய தட்டுடன் மெதுவாகத் தொட்டிப் பக்கம் நடந்தார். அவர் தொப்பி பெஞ்சிலேயே இருந்தது. இடம்பிடித்து வைத்துவிட்டுப் போனாரா, மறந்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாராவது அதை எடுக்கப் போனால் தடுப்பதற்காக, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.