கோதண்டம் சொல்லாமல் விட்ட மழை

ஒரகடத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டியிருந்த அந்தத் தெருவில், வானிலையைக் கேட்க வேண்டுமென்றால் கோதண்டத்தைத்தான் கேட்பார்கள். ரேடியோ நான்கைந்து வீடுகளில் இருந்தது. மற்றவர்கள் "மழை வரும்", "வராது" என்று சுருக்கிவிடுவார்கள். கோதண்டம் அப்படிச் செய்ய மாட்டான். காற்று எந்தத் திசை, எந்த மாவட்டம், லேசான மழையா மிதமான மழையா என்று கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிப்பான். மறைமலை நகரில் லாரி உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் துளைகளை அளந்து பார்ப்பது அவன் வேலை. மயிரிழை பிசகினாலும் அந்தத் துண்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதில் அவனுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் தன் வாயிலிருந்து ஒரு சொல் தவறாக வந்ததில்லை என்று நிமிர்ந்து நடப்பான்.

அவனுடைய ஒரே தங்கை கனகம் அதே ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் நாகப்பன் லாரி ஓட்டுபவன். பாதி நாள் வெளியூர்தான். நவரைப் பட்டத்து நெல்லை ஆள் வைத்து அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் சேர்த்தது முழுக்க அவள்தான். நெல்லில் ஈரம் இன்னும் போகவில்லை. பகலில் பரப்பிக் காயவைப்பாள். பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்து, நாகப்பனின் பழைய லாரித் தார்ப்பாயைப் போர்த்துவாள். அந்த வருஷத்துச் சோறும் அடுத்த போகத்து விதையும் அந்தக் குவியலில்தான் இருந்தன.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், சித்திரை மாதக் கடைசி. கோதண்டத்தின் மகள் தென்றலுக்கு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு வைத்திருந்தார்கள். குன்றத்தூரிலிருந்து தாய்மாமன் புருஷோத்தமன் வேன் பிடித்துச் சீர் கொண்டு வருகிறான். முகூர்த்த நாள் நெருக்கடியில் பந்தல்காரன் ஓலை போதாமல் பாதிக் கூரையோடு விட்டுவிட்டுப் போய்விட்டான். சீர் கொண்டு வருகிறவர்களை அந்த வெயிலில் உட்கார வைப்பதா? நினைக்கும்போதே கோதண்டத்துக்கு மானம் போவது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, உழவர் நிகழ்ச்சியின் முடிவில் வரும் வாரத்து வானிலையைச் சொன்னார்கள். வட கடலோர மாவட்டங்களில் வெப்பம் இயல்பைவிட இரண்டு மூன்று டிகிரி கூடும். மாலை வேளைகளில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும்.

மறுநாள் மஞ்சள் இடித்துக் கொடுக்க வந்த கனகம், உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாண்ணா, ரேடியோல இன்னா சொன்னான்?"

"வெயிலு சாஸ்தியாம். ரெண்டு மூணு டிகிரி ஏறுமாம்."

அவள் காத்திருந்தாள். அண்ணன் சொல்வதில் இன்னும் மிச்சம் இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். கோதண்டம் அண்ணாந்து பந்தலின் பொத்தலைப் பார்த்தான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அந்தத் தார்ப்பாய ஒரு நாளைக்குக் குட்தீன்னா இந்த எடத்த மூடிடலாம்."

"இத்தப் போயி கேக்கணுமா? எடுத்துக்கோ. எங்கண்ணன் பொண்ணுக்கு இல்லாத தார்ப்பாயா? அவரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

எத்தனை ஊர் இருக்கிறது, அந்த ஓரிரு இடத்தில் நம்முடைய களமா வந்துவிடப் போகிறது என்று கோதண்டம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பொய் சொல்லவில்லையே, ஒரு வரியை விட்டதுதானே.

விசேஷம் குறையில்லாமல் நடந்தது. புருஷோத்தமன் பந்தலுக்குள் நுழைந்ததும் மேலே பார்த்துச் சிரித்தான். "இன்னா மாமா, லாரியவே கூரையா போட்டுட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

குன்றத்தூர் வேன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேற்கே கருத்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வந்தது. கோதண்டம் முளையில் கட்டிய முடிச்சுகளை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. அரிவாளை எடுத்து வெட்டினான். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் களத்துக்கு ஓடியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கனகம் கையில் கிடைத்த நாலு சாக்கை நெல்லின் மேல் போட்டு, அவற்றின் மேல் தானும் கவிழ்ந்து கிடந்தாள். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நாகப்பன் வந்து சேர்ந்தான். களத்திலேயே கத்தினான். "தார்ப்பாய தூக்கிக் குடுத்துட்டு வேடிக்க பாத்துகினு இருந்தியா?"

"மழையே சொல்லல ரேடியோல. எங்கண்ணன் சொன்னா ரேடியோவே சொன்ன மாதிரி. ஒரு வார்த்த கொறைக்காது. மழைன்னு கேட்டிருந்தா அதுவே தார்ப்பாயி வாணாம்னு சொல்லியிருக்கும். எம் புள்ள மேல சத்தியமா சொல்றேன்." பக்கத்தில் நின்ற மகன் தலையில் அவள் கையை வைத்துவிட்டாள்.

அடுத்த களத்திலிருந்த சந்திரம்மாள், "ரேடியோக்காரனுக்கு இன்னா, ஃபேனுக்கு அடியில குந்திகினு சொல்றான். நனையறது நாமதானே" என்றாள்.

பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த கோதண்டம் அதன் பிடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். நாகப்பன் அதற்குள் களத்தை விட்டு இறங்கியிருந்தான்.

வானம் மூடியே கிடந்ததில் நெல் காயவில்லை. குவியலுக்குள் கையை விட்டால் சூடாக இருந்தது. மணிகளின் முனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. இனி அவித்துப் புழுங்கலாக்கினால் சோற்றுக்காவது கொஞ்சம் தேறும், விதைக்கு ஆகாது. விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்து இன்னும் திருப்பித் தராத அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கோதண்டம் தங்கை வீட்டுக்குப் போனான். மனைவி லீலாவும் கூட வந்தாள். கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள்.

லீலா தண்ணீர் சேந்தப் போன நேரத்தில் அவன் சொன்னான்.

"கனகம், அன்னிக்கு ரேடியோல மழையும் சொன்னான். நான்தான் உங்கிட்ட சொல்லல."

அவள் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான் வுட்டுட்டேன்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குனிந்து அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"கேட்டிருந்தா மழன்னு தெரிஞ்சே குட்த்திருப்பேன்ணா. நெல்ல மூட்ட கட்டி வூட்டுக்குள்ள போட்டுகினு குட்த்திருப்பேன்."

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. "வெதைக்கு என் காணியில வெளைஞ்ச நெல்ல எடுத்துக்கோ. நாகப்பன் கிட்ட நானே சொல்லிடறேன்" என்றான்.

"நெல்லு குடு, வாங்கிக்கிறேன். அவர் கிட்ட மட்டும் சொல்லாத." அவள் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "புள்ள தலையில கைய வச்சி சத்தியம் பண்ணிட்டேன். நீ போயி சொன்னா உனக்கு மனசு லேசாயிடும். எனக்கு?"

நாகப்பன் டீ தூக்கோடு கொல்லைக்கு வந்தான். அண்டாக்களைப் பார்த்தான், வியர்த்துக் கொட்டும் கோதண்டத்தைப் பார்த்தான். அவன் கோபம் ஆறியிருந்தது. டம்ளரில் ஊற்றி முதலில் கோதண்டத்திடம் நீட்டினான்.

"வுடு மச்சான். ரேடியோக்காரன் தப்பா சொன்னா நீ இன்னா பண்ணுவ?"

கனகம் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா மச்சான்" என்று சொல்லி, கோதண்டம் டீயை வாங்கிக்கொண்டான்.